சாயர்புரத்து உபாத்தியாயர் போப்பையர்

எம் ஊராகிய பத்தமடையிலிருந்து பிறநாடு சென்றோர் பலர். அவருள் ஊரார் முதலில் நினைப்பது சுவாமி சிவானந்தரையே. 1887-ஆம் ஆண்டில் இவ்வூரிற் பிறந்து, திருச்சிராப்பள்ளி எஸ்.பி.ஜி. கல்லூரியிற் பயின்று, 1913-இல் வைத்தியத் தொழிலின் பொருட்டு மலாய் நாட்டிற்குக் கப்பலேறிப் பத்தாண்டு அங்கு உழைத்து மீண்டவர் அவர். இக்காலத்து இளைஞர் வேறு பல தொழில்களை நாடிக் கடல் கடக்கின்றனர். எம் நண்பர் ஒருவர் மாலத்தீவில் ஒரு சிறு தீவிலே ஆங்கில உபாத்தியாயராக இருக்கின்றார். போகும்போது ஊர்க் கோரைப்பாய் ஒன்றைச் சுருட்டி எடுத்துச் சென்றார். நாள்தோறும் மீன் உணவு என்றும், மாலைப்பொழுதில் நடந்தால் சிறிது நேரத்திற்குள் தீவு முழுவதையும் சுற்றி வந்துவிடலாம் என்றும், பிறகு பார்ப்பதற்கு மிஞ்சுவது கடல் ஒன்றுதான் என்றும் எழுதுவார். சென்ற கடிதத்தில் ஒரு குறை சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாராமை அவருக்கு வருத்தமன்றாம். அப்பிள்ளைகள் தம்முட் பேசிச் சிரிக்கும்போது தமக்கு ஒரு சொல்லும் விளங்காமையே வருத்தமாம்.

இக்கடிதம் எம்மை வேறொரு உபாத்தியாயரிடத்தில் கொண்டுபோய் விட்டது. நம் பொருநைச் சீமைக்குக் கற்பிக்க வந்து, கற்பித்ததினும் மிகுதியாகக் கற்றுக்கொண்டு போன ஒருவர் அவர். ஜார்ஜ் யுக்ளோ போப் என்பது அவர் முழுப்பெயர். நம்மவர்க்கு அவர் போப்பையர்.

அவர் பிறந்த இடம் இங்கிலாந்து அன்று. வட அமெரிக்காவில், இன்று கனடாவின் பகுதியாயுள்ள பிரின்ஸ் எட்வர்ட் தீவிலே, பெடெக் என்னும் ஊரில் 1820-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி பிறந்தார். தந்தையார் ஜான் போப் வணிகர். பிள்ளைக்கு ஆறு வயது நடக்கையில் குடும்பம் இங்கிலாந்திற்குத் திரும்பிப் பிளிமத் நகரில் தங்கியது. வெஸ்லியன் சபையாரின் பள்ளிகளிற் படித்த இளைஞர் தென்னிந்தியாவுக்குப் போகவேண்டுமென்று மனங்கொண்டு, கப்பலேறுமுன்பே தமிழைத் தொடங்கிவிட்டார். 1837-இல் தாம் முதற் பாடம் கேட்டதாக எண்பதாம் வயதிலும் அவர் கணக்கு வைத்திருந்தார். அன்றைக்கு அவருக்கு வயது பதினேழு. சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலமாதலால், ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பல மாதம் கடலிற் கிடந்து, 1839-இற் சென்னையில் இறங்கினார்.

சென்னையில் அவருக்குத் தமிழாசிரியராக வாய்த்தவர் இராமாநுச கவிராயர். இலக்கணக் கடலென்று புலவர் மதித்த அவர் முன், பத்தொன்பது வயதுள்ள அயல்நாட்டார் ஒருவர் மாணாக்கராய் அமர்ந்திருந்த காட்சியை யாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. மதகுருவாகவும் பள்ளித் தலைவராகவும் வந்திறங்குவோர்க்கு நாட்டார் பணிந்து நிற்பதே அந்நாளைய வழக்கம். கவிராயர் வீட்டில் அம்முறை செல்லாது. அங்கே எழுத்துப் பிழைத்தாற் பிழைதான்.

சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்து, எஸ்.பி.ஜி. சங்கத்தாரின் ஊழியராய், 1842-இல் திருநெல்வேலிச் சீமையிலுள்ள சாயர்புரத்திற்கு வந்தார். பத்தமடையிலிருந்து பகலிற் போய்த் திரும்பக்கூடிய தூரந்தான் சாயர்புரம். ஆயினும் நிலம் வேறு. எமக்குக் கன்னடியன் கால்வாய் இருக்கின்றது. வயலும் வாழையும் ஆற்றங்கரைக் கோரையும் நாங்கள் கண் விழித்தது முதற் காண்பவை. கிழக்கே செல்லச் செல்லப் பச்சை மறைந்து, செம்மண்ணும் உடைமரமும் பனைமரமும் தோன்றும். ஸ்ரீவைகுண்டத்து அணை 1870-களிலேதான் கட்டி முடிந்தது. போப்பையர் வந்த நாளில் ஆற்று நீரின் உதவி அப்பக்கத்திற்கு இன்றைய அளவு இல்லை. சாயர் என்னும் வணிகர் கிறிஸ்தவக் குடிகளுக்காக வாங்கிக்கொடுத்த நிலத்தில் எழுந்த ஊர் அது. அதனால் அவர் பெயரே ஊருக்கும் ஆயிற்று. பனையேறுவோரும் சிறு புன்செய் உழவருமே குடிகள். பதநீர்க் காலத்தில் விடியுமுன்பே ஆடவர் மரத்தின் மேலிருப்பர். பெண்டிர் கருப்புக்கட்டி காய்ச்சும் அடுப்பின் முன் இருப்பர். பிள்ளைகளுக்கும் அவ்வேலையிற் பங்குண்டு. அத்தகைய வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளியில் இருத்துவது எவ்வளவு அருமை என்பதை ஆசிரியத்தொழில் செய்வோர் அறிவர்.

இருபத்திரண்டு வயதுள்ள உபாத்தியாயர் அங்கே செய்ய நினைத்ததோ சிறு காரியமன்று. சாயர்புரத்தை அடுத்து வேதியர்புரம் என்னும் இடத்தில் செமினரி ஒன்றை நிறுவி, பிள்ளைகளை அங்கேயே தங்கவைத்து, ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வேதசாஸ்திரமும், இவற்றோடு இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். பனங்காட்டு நடுவே கிரேக்கமா என்று நகைப்பாரும் உண்டு. யாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் வேதத்தை மூலமொழியிற் படிக்க வல்ல குருமாரை இந்நாட்டிலேயே உண்டாக்கவேண்டும் என்பது அவர் கருத்து. ஆங்கில நாட்டுப் பிள்ளைக்கு எது தகுமோ அது பனையேறியின் பிள்ளைக்கும் தகும் என்று அவர் கொண்டதில் ஒரு மதிப்பு இருக்கின்றது. அதனை நகைத்துத் தள்ளுதல் எளிதன்று.

அவர் நாட்கள் எவ்வாறு கழிந்திருக்கும் என்பதை அக்கால நிலைமையைக்கொண்டு ஒருவாறு அறியலாம். திருநெல்வேலிச் சீமைக்கு இருப்புப்பாதை வந்தது 1876-இல். அதற்கு முன் தூத்துக்குடிக்கோ பாளையங்கோட்டைக்கோ போவதென்றால் மாட்டுவண்டி, குதிரை, பல்லக்கு, அல்லது கால். வெயிலுக்கு அஞ்சி இரவிலே வண்டி கட்டுவர். இங்கிலாந்துக் கடிதம் கைக்கு வர மாதங்கள் செல்லும். பள்ளியில் ஓலையும் எழுத்தாணியும் வழக்கொழியவில்லை. அச்சிட்ட தமிழ்ப் புத்தகம் அரிது. திருக்குறளே 1812-இலேதான் முதலில் அச்சேறியது. பிள்ளைகளுக்கு இலக்கணம் கற்பிக்கத் தக்க எளிய நூல் இல்லாமையைக் கண்ட போப்பையர் வினாவும் விடையுமாகத் தாமே ஒரு சிற்றிலக்கணம் எழுதினார். 1842-இல் அது வெளிவந்தது. பின்பு அதனையடுத்து மேல்வகுப்புகளுக்கும் எழுதினார். எம் பாட்டனார் தலைமுறையினர் இலக்கணம் என்றால் போப்பையர் இலக்கணம் என்பர். வந்து மூன்றே ஆண்டான ஒருவர் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலக்கணம் எழுதத் துணிந்தது இளமைத் துணிவுதான். ஆயினும் அத்துணிவு பலித்தது.

அவர் பிரம்பையும் இங்குச் சொல்லாமல் விடலாகாது. போப்பையர் கடுமையான உபாத்தியாயர். சாயர்புரத்தில் மட்டுமன்று, பின்பு அவர் நடத்திய பள்ளிகளிலும் பிள்ளைகளை அடிப்பதில் அவர் பெயர் பெற்றவர். அக்காலத்து ஆங்கிலப் பள்ளிகளில் அது வழக்கமே என்று சமாதானம் சொல்வர். வழக்கமாயினும் அவர் அதில் ஒருபடி மிஞ்சியவர் என்பதை அவரை மதித்தோரும் மறைக்கவில்லை. விடியலிற் பனங்காட்டு வேலை செய்து பள்ளிக்கு வந்த பிள்ளை ஒரு வேற்றுமொழிச் சொல்லின் உருபைத் தவறிச் சொன்னதற்காக அடிபட்டிருந்தால், அப்பிள்ளை இலத்தீனைப் பற்றி என்ன எண்ணியிருப்பான்? அவன் எழுதிவைத்துப் போகவில்லை. உபாத்தியாயரின் சரிதம் எழுதப்படுகின்றது; அடிபட்டவன் சரிதம் எழுதப்படுவதில்லை.

அவருக்கும் துன்பம் வராமற் போகவில்லை. 1841-இல் மணந்த மேரி அம்மையார் 1845-இல் தூத்துக்குடியிற் காலமானார். அப்போது போப்பையருக்கு வயது இருபத்தைந்து. உற்றார் ஒருவரும் அருகில்லாத நாட்டில், கடிதம் போய்ச் சேரவே மாதக்கணக்காகும் நாளில், அவர் அத்துயரை எவ்வாறு தாங்கினாரோ! பள்ளி மாத்திரம் நின்றுவிடவில்லை. 1849-இல் அவர் சாயர்புரத்தை விட்டுச் சென்றார். அவ்வாண்டே சென்னையில் ஹென்றியேட்டா பேஜ் வான் சோமரன் அம்மையாரை மணந்து, பின் இங்கிலாந்து சென்று மீண்டார்.

அதே காலத்தில் இடையன்குடியிலே கால்டுவெல் ஐயர் இருந்தார். 1841-இன் இறுதியில் வந்த அவர் ஐம்பதாண்டளவும் அவ்வூரையும் இச்சீமையையும் விடவில்லை. இருவரும் ஒரே சங்கத்தின் ஊழியர். இருவரும் தமிழை ஆராய்ந்தவர். ஆயினும் வழி வேறு. கால்டுவெல் ஐயர் ஊரைச் சுற்றிப் பார்த்தவர். தேரி மணலையும் ஆற்று முகத்துவாரத்தையும் ஊர்ப்பெயர்களையும் விசாரித்து, கொற்கையிலும் காயலிலும் நிலத்தை அகழ்ந்து பார்த்து, 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை வெளியிட்டார். கொற்கை சாயர்புரத்திற்கு அண்மையிலேயே உள்ளது. போப்பையரோ மண்ணை அகழவில்லை. ஏடுகளுக்குள்ளும் மக்கள் வாய்மொழிக்குள்ளும் அவர் தேட்டம் நிகழ்ந்தது. ஊர் காணும் விருப்பம் எல்லார்க்கும் ஒருபடியாய் இராது. தெருவைக் கண்டு மகிழ்வார் சிலர்; தெருவிற் பேசும் பேச்சைக் கேட்டு மகிழ்வார் சிலர்.

1851-இல் தஞ்சாவூர் சென்றவர் அங்கு வழக்கிற் சிக்கினார். சபைக்குள் சாதி வேற்றுமை இருத்தலாகாது என்று அவர் உறுதியாய் நின்றார். பழைய குடும்பத்தார் இசையவில்லை. பலர் லுத்தரன் சபைக்குப் போயினர். கொண்ட கொள்கை நேரியது என்பதில் எமக்கு ஐயமில்லை. நெடுநாள் வழக்கத்தைச் சொல்லி விளக்காமல் கட்டளையினால் மாற்ற முயன்றதே பிழை என எண்ணுகின்றோம். சபையார் பள்ளிப்பிள்ளைகள் அல்லர். அக்கலகத்திற்கிடையிலும் 1855-இல் தமிழ் கற்கும் ஆங்கிலேயருக்கென்று ஒரு கைந்நூலை வெளியிட்டார். அது பல பதிப்புக் கண்டது.

பிறகு உதகமண்டலத்தில் ஓர் இலக்கணப் பாடசாலையை நிறுவி 1870 வரை தலைவராயிருந்தார். குளிர்ந்த மலையில், ஆங்கிலேயப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு சுகமாய் இருந்திருக்கலாம். ஆனால் அங்கே தோடர் பேசும் மொழி அவர் காதில் விழுந்தது. எருமை மேய்த்து வாழும் சிறு கூட்டத்தாரின், எழுத்தில்லாத மொழி அது. பேசல் மிஷனைச் சார்ந்த மெட்ஸ் ஐயர் சேர்த்துக் கொடுத்த சொற்களையும் வாக்கியங்களையும் அடிப்படையாகக் கொண்டு போப்பையர் தோட மொழியின் இலக்கணச் சுருக்கம் ஒன்று எழுதினார். 1873-இல் மார்ஷல் என்பவர் தோடரைப் பற்றி எழுதிய ஆங்கிலப் புத்தகத்தின் பின்னிணைப்பாக அது வெளிவந்தது. திராவிட மொழிகளுள் ஒன்றென அதனைக் காட்டும் தொடக்க முயற்சிகளுள் அதுவும் ஒன்று. பள்ளித் தலைவர் ஒருவர் வேலை நேரம் போக எஞ்சிய நேரத்தில், தாம் தங்கிய இடத்தைச் சுற்றி என்ன இருக்கின்றது என்று பார்த்ததன் பயன் இது. அவர் சரிதத்தில் எமக்கு மிக உவப்பான பகுதியும் இதுவே. இதனைப் பேசுவோர் சிலர்.

1871 முதல் சுமார் பத்தாண்டு பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியின் தலைமை வகித்தார். அதன்பின் இந்தியாவை விட்டார். வந்தபோது பத்தொன்பது வயது. போகும்போது அறுபதைக் கடந்த முதியவர். பிள்ளைகளுள் ஒருவர் பர்மாவில் கல்வி இலாகாவிலும், ஒருவர் இருப்புப்பாதை எஞ்சினீயராகவும், ஒருவர் சென்னையில் கண் வைத்தியராகவும் இருந்தனர்.

இனி ஓய்வென்று பிறர் எண்ணும் வயதில் அவருடைய பெருந்தொழில் தொடங்கியது. 1884-இல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். சென்னை மாகாணத்திற்கு உத்தியோகம் பார்க்க வரவிருந்த இளைஞர் அவர் மாணாக்கர். தமிழ்நாட்டிலே ஆங்கிலம் கற்பித்த உபாத்தியாயர் ஆங்கில நாட்டிலே தமிழ் கற்பித்தார். 1886-இல் திருக்குறள் 1,330 குறளும் ஆங்கிலச் செய்யுளாய் வெளிவந்தது. அவருக்கு முன் துரு என்பவர் 630 குறளளவே பெயர்த்திருந்தார். செய்யுளாக்கவேண்டும் என்ற கட்டினால் போப்பையர் மொழிபெயர்ப்பு பல இடங்களில் முறுக்கேறிக் கிடக்கின்றது என்பது எம் கருத்து. வள்ளுவர் மயிலாப்பூரிற் கிறிஸ்தவரிடம் கேட்டறிந்திருக்கக்கூடும் என அவர் எழுதியதற்கும் சான்று கிடையாது. தமிழறிஞர் அதனை மறுத்தனர். அந்நூலைக்காட்டிலும் 1893-இல் வெளிவந்த நாலடியாரே நிறைவுடையது. நானூறு வெண்பாவுக்கும் எழுதிய குறிப்புகளில், சாயர்புரம் முதல் உதகை வரை அவர் கேட்டறிந்தவை எல்லாம் பயன்பட்டிருக்கின்றன. சாமிநாதையர் 1894-இற் புறநானூற்றைப் பதிப்பித்தபின் அதிலிருந்தும் சில பாடல்களைப் பெயர்த்தார்.

திருவாசகம் அவர் கடைசிப் பெருநூல். முதுமை வந்துவிட்டதே, இதனை முடிப்பதற்குள் உயிர் நிற்குமோ என்று அவர் தயங்க, பேலியல் கல்லூரித் தலைவரான ஜோவெட், பெரிய காரியம் ஒன்றைக் கையில் வைத்திருத்தலே நெடுநாள் வாழ வழி என்று தேற்றினாராம். தேற்றியவர் 1893-இல் மறைந்தார். தேற்றப்பட்டவர் நூலை முடித்து, தம் எண்பதாம் பிறந்தநாளாகிய 1900 ஏப்ரல் 24-ஆம் தேதியிட்டு முகவுரை எழுதினார். சைவர் உருகி ஓதும் நூலை ஒரு கிறிஸ்தவ குரு, தம் சமயத்தை விடாமலும் அவர் சமயத்தை இகழாமலும் பெயர்த்தார். இலத்தீனுக்காகப் பிரம்பெடுத்த இளைஞரும் இம்முதியவரும் ஒருவர்தாமோ என்று வியப்புண்டாகின்றது. இடையில் சென்றவை ஐம்பதாண்டுகளுக்கு மேல். ஆசிய ஆராய்ச்சிச் சங்கத்தார் 1906-இல் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தனர். 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் உயிர் துறந்தார்.

தம் கல்லறையில் தமிழ் மாணவன் என்று பொறிக்க அவர் வேண்டினார் என்றும், அவ்வாறே பொறித்திருக்கின்றது என்றும் மேடைதோறும் சொல்லப்படுகின்றது. யாமும் சிறுவயதில் பேச்சுப்போட்டி ஒன்றில் அதனை முழங்கிக் கைதட்டுப் பெற்றதுண்டு. செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்திலுள்ள கல்லில் அச்சொல் இல்லை. அவர் தென்னிந்தியாவைச் சார்ந்தவர் என்றும், தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியின் குரு என்றும் அதில் எழுதியிருக்கின்றது. அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அவர் உழைப்பைப் போற்றி அக்கல்லை நாட்டினர் என்றும் காண்கின்றது. கதை பொய்யானதில் எமக்கு முதலில் வருத்தமே. பின்பு பார்த்தால், கல்லிலுள்ளதே மேலானதாகத் தோன்றிற்று. தம்மைத் தாமே மாணவன் என்று சொல்லிக்கொள்வது ஒருவர் பணிவு. கனடாவிற் பிறந்து இங்கிலாந்தில் இறந்தவரைத் தென்னிந்தியர் என்று கல்லில் எழுதியதும், அதற்குத் தமிழர் கைகொடுத்ததும் பிறர் கொடுத்த சாட்சி.

சென்னைக் கடற்கரையில் 1968-இல் அவருக்குச் சிலை வைத்தனர். சாயர்புரத்து செமினரி 1883-இல் தூத்துக்குடிக்கு மாறிக் கால்டுவெல் கல்லூரியாகிச் சிலகாலம் நடந்தது. சாயர்புரத்திலே 1962-இல் போப் பெயரால் ஒரு கல்லூரி எழுந்து நடைபெற்று வருகின்றது. சென்ற மார்கழியில் யாம் அங்குச் சென்றபோது மழை பெய்து செம்மண் சாலை ஓரமெல்லாம் நீர் நின்றது. பேருந்துக்குக் காத்திருந்த மாணவியர் சிலர் ஆங்கிலப் பாடம் ஒன்றை ஒருவர்க்கொருவர் ஒப்பித்துக்கொண்டிருந்தனர். தவறியவளை மற்றவர்கள் நகைத்தார்களேயன்றி வேறு தண்டனை இல்லை.

இவற்றையெல்லாம் எம் மாலத்தீவு நண்பருக்கு விரிவாய் எழுதினோம். மறுமொழி இவ்வாரம் வந்தது. அந்நாட்டுத் தானா எழுத்தை வலமிருந்து இடமாக எழுதவேண்டுமாம். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மாலையில் அரைமணி நேரம் அவருக்குப் பாடம் சொல்கின்றாளாம். இருபத்துநான்கு எழுத்தில் ஒன்பது வந்திருக்கின்றதாம். பத்தாவது எழுத்தை அவர் நான்குமுறை தவறாய் எழுதியதால், அன்றைப் பாடத்தை நிறுத்திவிட்டு அவள் விளையாடப் போய்விட்டாளாம்.